ஒரே இலையில் மூன்று பூச்சிகள்

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்களில், பீச் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எனக்குச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ இருந்தது. துறைமுக வேலைக்கு வந்தவர்களுக்கு அடையாள அட்டைப் படம், சர்ச்சில் முதன்முதலாக நன்மை வாங்கும் பிள்ளைகளின் படம், கல்யாணப் படம், சில நாள் சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று எடுத்துக்கொள்ளும் படம். இவைதான் பிழைப்பு. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. இந்த ஊரில் நம்மை விட்டால் கேமரா பிடிக்க ஆளில்லை என்று ஒரு நினைப்பு. யாரும் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிக்காட்டுவேன்.

அந்தப் பேச்சை நம்பித்தான் சிஸ்டர் வந்திருக்க வேண்டும். பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற கன்னியாஸ்திரி. கடலோர வேம்பார் ஊர்க்காரர். ஏறக்குறைய என் வயதுதான். என் மேஜைமேல் ஒரு கேமராவை வைத்தார். கப்பலில் இன்ஜினியராக இருந்த அவருடைய அண்ணன் ஜப்பானிலிருந்து வாங்கி வந்தது. கூடவே மூன்று வளையங்கள். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே அவற்றை மாட்டினால் எறும்பின் மீசைகூடப் படத்தில் விழும். ஒரு ஃப்ளாஷும் இருந்தது.

"அண்ணாச்சி, மலைக்கு மேல மழைக்காட்டுல ராத்திரி பூச்சிகளப் படம் எடுக்கணும். உங்களால முடியுமா?"

"எதையும் எடுப்பேன், சிஸ்டர். பூச்சி என்ன, மூச்சு விடாம நிக்கச் சொன்னா நிக்காது. அவ்வளவுதானே?"

அவர் சிரிக்கவில்லை. "நிக்கச் சொல்லவே கூடாது. செத்த பூச்சி காலேஜ் அலமாரில நூறு கெடக்கு. குண்டூசி குத்தி வச்சிருக்கு. எம்பிள்ளைக அதப் பாத்துதான் படிக்குதுக. எனக்கு உயிரோட வேணும். அது எங்க இருக்கோ, எப்படி இருக்கோ, அப்படியே."

"அப்படியே எடுத்துத் தாரேன்" என்றேன்.

மடத்துத் தலைவியிடம் அனுமதி வாங்க அவருக்கு மூன்று மாதம் ஆனதாம். துணைக்கு வயதான இன்னொரு சிஸ்டர் வரவேண்டும், ராத்திரி எட்டு மணி ஜெபத்துக்குத் தங்கும் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. பாபநாசத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பழைய பங்களாவின் இரண்டு அறைகளை ஒழித்துத் தந்தார்கள். எனக்குப் பின்கட்டில் சாமான் அறை. ஐந்து ராத்திரி. கையில் நாலு ரோல் கலர் ஸ்லைடு பிலிம். அது பம்பாய்க்குப் போய்க் கழுவி வரவேண்டிய பிலிம். எடுத்தது விழுந்ததா இல்லையா என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

தோட்டத்தில் எங்களுக்குத் துணையாக ஒரு வாட்சரை அனுப்பினார்கள். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற எல்லையில் ராக்காவல் பார்ப்பவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். எந்த இலைக்கு அடியில் எது தூங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டார்ச்சை அடித்துக் காட்டுவார், தொடமாட்டார். காட்டில் காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டைக்கென்று சிஸ்டர் ஊரிலிருந்து கல் உப்பைத் துணியில் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்து வாட்சருக்கு ஒரே சிரிப்பு. "உப்பளத்தையே தூக்கிட்டு வந்துட்டாவ சிஸ்டரம்மா" என்றார்.

முதல் நாள் பொழுது சாய்ந்ததும் காட்டோரத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, முன்னால் பெட்ரோமாக்ஸைத் தொங்கவிட்டோம். கால் மணி நேரத்தில் விரிப்பு நிரம்பிவிட்டது. விரல்நகம் அளவு, உள்ளங்கை அளவு, பச்சை, சாம்பல், பட்டுத்துணியைக் கிழித்து ஒட்டியதுபோல ஒன்று. எனக்குத் தெரிந்த விட்டில்பூச்சி தெருவிளக்கைச் சுற்றுகிற தவிட்டு நிறத்து விட்டில்பூச்சிதான். இத்தனை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சிஸ்டர் சின்னப்பிள்ளைபோலக் கையைத் தட்டினார். பிறகு வாட்சர் எங்களை ஒரு மரத்தடிக்குக் கூப்பிட்டார். ஒரு சில்வண்டு பட்டையைப் பிடித்துக்கொண்டு தன் கூட்டை முதுகுப்பக்கம் கிழித்து வெளியே வந்துகொண்டிருந்தது. உடம்பு வெளிறின பச்சை. இறக்கை நனைந்த காகிதம்போலச் சுருண்டிருந்தது. சிஸ்டர் டார்ச் பிடிக்க, நான் முட்டிபோட்டு அரை மணி நேரம் எடுத்தேன். அது எங்கும் ஓடாது. அதனால் முடிந்தது.

மற்றதெல்லாம் முடியவில்லை. அதை நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முடியவில்லை.

அந்த வளையங்களை மாட்டினால் கேமராவுக்குள் பாதி இருட்டாகிவிடும். தலைமயிர் அளவு முன்னால் நகர்ந்தாலும் பூச்சியின் கண் மங்கலாகிவிடும். விட்டில்கள் சும்மா உட்காருவதில்லை. பறக்கும் முன் இறக்கையை நடுக்கிச் சூடேற்றும். நான் ஃபோகஸ் வைத்து முடிக்கும்போது அது இருக்காது. ஈரத்தில் லென்ஸில் ஆவி படியும். துடைத்துவிட்டு நிமிர்ந்தால் என் மூச்சே மறுபடி படியும். முகூர்த்த மேடையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பழகிய கை, அங்கே எதற்கும் உதவவில்லை. எட்டு மணியானதும் சிஸ்டர் பங்களாவுக்குப் போய்விடுவார். நானும் வாட்சரும் ஒரு மணிவரை நிற்போம். இரண்டாம் ராத்திரி முடியும்போது இரண்டாவது ரோலும் முடிந்திருந்தது. அதில் நாலு படம்கூடத் தேறாது என்று எனக்குத் தெரியும்.

காலையில் சிஸ்டர் கேட்டார். "நல்லா விழுந்திருக்குமா, அண்ணாச்சி?"

"பிரமாதமா விழுந்திருக்கும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் இன்னும் பொறுமையாக டார்ச் பிடித்திருப்பார். பத்துப் படம் தேறினாலும் போதும் என்றிருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான். எனக்குத்தான் அந்தச் சொல் வாயில் வரவில்லை.

அவருடைய தகரப்பெட்டியில், கல்லூரியில் பூச்சிகளைக் கொல்ல வைத்திருக்கும் குளோரோபார்ம் புட்டி ஒன்று இருந்தது. வந்த அன்று பெட்டியைப் பிரிக்கும்போது அதை எடுத்துப் பார்த்து, "பழக்கதோஷத்துல இதுவும் வந்துட்டு" என்று சிரித்து அடியில் தள்ளிவிட்டிருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு சிஸ்டர்களும் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளைப் பார்க்கப் போன நேரத்தில் நான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். பூட்டுப் போட்டிருக்கவில்லை.

அன்று ராத்திரி சிஸ்டர் போனபிறகு, விரிப்பிலிருந்த நல்ல விட்டில்களாகப் பார்த்து ஜாம் பாட்டிலுக்குள் தட்டினேன். உள்ளே குளோரோபார்ம் நனைத்த பஞ்சு. வாட்சர் விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"அண்ணாச்சி, சிஸ்டரம்மா உயிரோடல்லா வேணும்னு சொன்னாவ?"

"மயக்கம்தான்டே குடுக்கேன். அப்புறம் எந்திச்சிரும்."

"எந்திக்குமா?"

"நீ லைட்டப் பிடி."

அதுவரை அவரை அண்ணாச்சி என்றுதான் நானும் கூப்பிட்டுவந்தேன். அந்தக் கணத்தில் 'டே' என்றும் 'நீ' என்றும் என் நாக்கு தானாக இறங்கியது. அவர் விளக்கை உயர்த்திப் பிடித்தார்.

சாமான் அறையில் ஒரு மேஜைமேல் அகலமான காட்டிலை ஒன்றை வைத்து, பூச்சியைக் கோந்து தொட்டு ஒட்டி, சாவகாசமாக எடுத்தேன். நூல் பிடித்த மாதிரி ஃபோகஸ். தண்ணீரை விரலால் தெளித்துப் பனித்துளிகூட வைத்தேன். மூன்று ராத்திரியும் அதுதான் வேலை. ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. காலையில் அவற்றைத் தாளில் சுருட்டிக் காட்டுப்பக்கம் எறிந்தேன்.

ஸ்லைடுகள் வந்த அன்று சிஸ்டர் மடத்திலிருந்து ஸ்டுடியோவுக்கு நடந்தே வந்தார். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "இப்படித் தூங்குமா அண்ணாச்சி இது? மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டா?" என்றார். "ஆமா சிஸ்டர்" என்றேன். கூச்சம் அப்போது வரவில்லை. பெருமைதான் வந்தது. அந்தப் பாராட்டு என்னவோ எனக்கு நியாயமாகச் சேரவேண்டியது என்றே தோன்றியது.

கல்லூரிக் கூடத்தில் ஒரு சாயங்காலம் அந்த ஸ்லைடுகளைத் திரையிட்டுக் காட்டினார்கள். வேறு ஊர்க் கல்லூரிகளிலிருந்தும் ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். என் மனைவியை நல்ல சேலை கட்டச் சொல்லி அழைத்துப் போனேன். மூன்றாவது வரிசையில் எங்களுக்கு இடம் போட்டிருந்தார்கள். சிஸ்டர் புரொஜக்டர் பக்கத்தில் நின்று, "நீங்க பாக்கப்போறது எல்லாமே உயிருள்ளது. ஒண்ணக்கூடக் கொல்லல, தொடல" என்று தொடங்கினார்.

சில்வண்டு வந்தபோது கூடமே மூச்சுவிட மறந்தது. பிறகு விட்டில்கள் வந்தன. சிஸ்டர் ஒவ்வொன்றையும் எந்த ராத்திரி, எந்த இடம் என்று நான் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார். மூன்றாம் ராத்திரி ஓடைக்கரையில். நாலாம் ராத்திரி பாறைக்கு மேலே. ஐந்தாம் ராத்திரி ஒரு பள்ளத்தில்.

முன்வரிசையிலிருந்து ஒரு வயதான பேராசிரியர் கையைத் தூக்கினார். "கொஞ்சம் முந்தின படத்தப் போடுங்க, சிஸ்டர். அதுக்கும் முந்தினது." போட்டார். "இந்த இலைல வலது ஓரத்துல ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. மூணு படத்துலயும் அதே ஓட்டை. ஓடைக்கரைல இருந்த இலை பாறைக்கு எப்படி ஏறிச்சு?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. ஆனால் பின்வரிசையில் யாரோ சிரிக்க, அது கூடம் முழுக்கப் பரவியது. பேராசிரியர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் குச்சியால் தொட்டார். "காலப் பாருங்க. எதையும் பிடிச்சிருக்கல. உள்ள மடங்கிக் கெடக்கு. இது உயிரோட இல்ல, சிஸ்டர்."

சிரிப்பு நின்றுபோனது. நின்றது இன்னும் மோசமாக இருந்தது. இருட்டில் என் மனைவி என் பக்கம் திரும்பியது தெரிந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து "நான்தான்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷம் முழுக்க நான் நாற்காலியில்தான் இருந்தேன். சிஸ்டர் புரொஜக்டரை அணைத்துவிட்டு, "பொறுப்பு என்னோடது. விசாரிக்காமச் சொல்லிட்டேன். மன்னிச்சிக்கிடுங்க" என்றார். விளக்குப் போட்டபோது அவர் முகத்தைப் பார்க்காமல் நான் செருப்பைத் தேடினேன்.

வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, என்ன நடந்துச்சு?"

என் வாயிலிருந்து வந்ததை நான் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. அதனாலேயே அது என்னை இன்றுவரை பயமுறுத்துகிறது. "அந்த வாட்சர்தான் சிஸ்டர். இலையோட பிடிச்சுக் கொண்டாந்து கொண்டாந்து வச்சான். எட்டு மணிக்கு மேல நீங்க இல்ல. இருட்டுல எனக்கு எப்படித் தெரியும், செத்ததா உயிரான்னு?"

சிஸ்டர் "அவரா?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் என் மனைவியும் அதையே கேட்டாள். "அந்த ஆளா அப்படிச் செஞ்சான்?" "ஆமா" என்றேன். இரண்டாம் தடவை சொல்லும்போது இன்னும் சுலபமாக வந்தது.

சனிக்கிழமை சர்ச்சுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். அங்கே சாமியாரிடம் நடந்ததைச் சொன்னேன். "மந்திரம் சொல்றது இருக்கட்டும், முதல்ல அந்த சிஸ்டர்ட்ட போய்ச் சொல்லு" என்றார். நான் அங்கேயே முட்டிபோட்டுப் 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தைப் பத்துத் தடவை சொன்னேன். சிஸ்டரிடம் போகவில்லை. அதற்கு அடுத்த வாரம், மாணவிகளின் படங்களை வாங்கிப்போக வந்த மடத்து வேலைக்காரம்மா பேச்சுவாக்கில், "சிஸ்டர் மலைத் தோட்டத்து மேனேஜருக்குக் காயிதம் போட்டாவ. அந்த ஆளு ஏமாத்திட்டானாம்லா?" என்றாள்.

கடையைப் பாதியில் பூட்டிவிட்டு மடத்துக்கு ஓடினேன். பார்வையாளர் அறையில் சிஸ்டர் வந்து உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தகரப்பெட்டி, புட்டி, ஜாம் பாட்டில், கோந்து, நான் தெளித்த தண்ணீர், வாட்சர் கேட்டது, நான் அவரை 'டே' போட்டது.

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து உள்ளே போனார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். ஸ்லைடுப் பெட்டியோடு திரும்பி வந்தார்.

"உக்காருங்க. எது உயிரு, எது செத்ததுன்னு ஒவ்வொண்ணுலயும் எழுதுங்க."

ஸ்லைடின் அட்டைச் சட்டத்தில் பேனாவால் எழுதினேன். செத்தது. செத்தது. உயிர். செத்தது. எதிரே அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பச்சை விட்டிலிடம் வந்தபோது என் கை நின்றுவிட்டது. விரிப்பில் எடுத்ததா, மேஜையில் எடுத்ததா? எனக்கே தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

"சிஸ்டர், இது ஞாபகமில்ல."

"எடுத்த உங்களுக்குமா தெரியல?" என்றார். அதை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். பிறகு, "மேனேஜருக்கு நான் எழுதிக்கிடுவேன். அந்த மனுஷன நீங்க நேர்ல போய்ப் பாக்கணும். காயிதத்துல இல்ல" என்றார்.

மறுநாள் விடிகாலையில் பஸ் பிடித்தேன். மேலே போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. வாட்சரைக் காட்டோரத்தில் தேடினேன், இல்லை. முதல் கடிதம் வந்ததுமே காவலிலிருந்து எடுத்து, தேயிலை காயவைக்கிற ஃபேக்டரி அடுப்புக்கு விறகு சுமக்கப் போட்டிருந்தார்கள். தோளில் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் விறகைச் சுமந்துகொண்டு வந்தார். என்னைப் பார்த்து நின்றார்.

"அண்ணாச்சி, நான்தான் உங்கமேல பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். "வேற யாரு சொல்லுவா?"

"சிஸ்டர்ட்ட உண்மையச் சொல்லிட்டேன். மேனேஜருக்கு எழுதுதாவ. என்ன மன்னிச்சிருங்க."

அவர் விறகை இறக்கிவைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். கோபமாகப் பேசுவார், அடித்தாலும் அடிப்பார் என்று தயாராக இருந்தேன்.

"எங்கிட்ட சொன்னதக் கொண்டுபோய் எம்பொஞ்சாதிட்டச் சொல்லும். சிஸ்டரம்மா பொய் எழுதமாட்டாவ, நீருதான் ஏதோ பண்ணியிருக்கீருன்னு அவ எங்கிட்ட ஒரு வாரமாப் பேசல."

அந்த அம்மா கொழுந்து பறிக்கிறவர். கொழுந்து எடைபோட்டு முடியும்வரை தொழிலாளர் குடியிருப்பில் அவர்கள் லைன் வீட்டு வாசலில் காத்திருந்தேன். ஐந்து மணிக்குமேல் தலையில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டே வந்தார். வாட்சர் தள்ளி நின்றார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மடத்தில் சொன்னதைவிட இங்கே சொல்வது கடினமாக இருந்தது. அந்த அம்மாவுக்குக் குளோரோபார்ம் என்றால் என்னவென்று தெரியவில்லை. அதனால், "பூச்சிய நான் கொன்னேன். உங்க வீட்டுக்காரர் கூடாதுன்னு சொன்னாரு. அப்புறம் அவர்தான் கொன்னாருன்னு சொல்லிட்டேன்" என்று மூன்று வரியில் சொல்லவேண்டியிருந்தது. சுற்றிவளைக்க இடமே இல்லை.

அந்த அம்மா புருஷனைப் பார்த்தார். "நீரு அன்னைக்கே இதத்தானே சொன்னீரு" என்றார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாட்சரும் பின்னாலேயே போனார். கதவைச் சாத்தவில்லை, என்னை உள்ளே கூப்பிடவும் இல்லை. உள்ளே அந்த அம்மா அழுவது கேட்டது. கடைசி பஸ்ஸுக்கு நான் இறங்கிவிட்டேன்.

வாட்சரை மறுபடி காவலுக்குப் போட அடுத்த வருஷம் ஆனது. அதற்குள் சிஸ்டர் மூன்று கடிதம் எழுதியதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் அவர் அதற்கப்புறம் வேலை எதுவும் கொடுக்கவில்லை. தெருவில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். ஆனால் ஸ்லைடுகளை அவர் தூக்கிப்போடவில்லை. வகுப்பில் எல்லாவற்றையும் காட்டினாராம். செத்ததைச் செத்தது என்று சொல்லி, காலை எப்படிப் பார்ப்பது, மீசையை எப்படிப் பார்ப்பது என்று நடத்தினாராம்.

எனக்கு இது தெரிந்தது கல்லூரிக் குரூப் போட்டோ எடுக்கப் போன அன்று. வழக்கமாக எடுப்பவர் ஊரில் இல்லாததால் ஆபீஸிலிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெஞ்சில் வரிசையாக நிறுத்திவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் குனியும்போது, நடுவில் இருந்த ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாள்.

"சார், செத்த பூச்சி படம் எடுத்தது நீங்கதானா?"

ஓரத்தில் நின்றிருந்த சிஸ்டர் என்னையே பார்த்தார்.

"ஆமாம்மா, நான்தான்" என்றேன்.

எல்லாரையும் நேரே பார்க்கச் சொன்னேன். முதல் படம் ஆடிப்போயிற்று. இரண்டாவது எடுத்தேன்.